சொல்லின் வால்

வேலையில் சேர்ந்த அன்று
ஒரு தேதி முத்திரை, ஒரு மைப்பெட்டி,
எட்டு பீரோ, ஏழு சாவி தந்தார்கள்.
தேன்கனிக்கோட்டைக் குளிரில்
மை உறைந்துபோகும் என்று யாரும் சொல்லவில்லை.

இப்போது முத்திரைக்கு வேலை குறைவு.
வருகிறவர்கள் ஃபோனை நீட்டுகிறார்கள்.
பள்ளிக்கூடத்தை மூடப்போகிறார்களாம்.
இந்த இலையைத் தின்றால் சர்க்கரை இறங்குமாம்.
தனியே நின்றால் 'ஆம்' என்பது சம்மதம்;
சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டால்
யாரோ சொன்னது.
அந்த வாலுக்கு என்னிடம் அலமாரி எண் இல்லை.

ராகி முற்றிய வாரம்.
சென்னீரப்பா மேசைமேல் ஃபோனை வைத்தார்.
"நாப்பது யானை, இறங்கிடுச்சாம்.
ராவைக்குப் பரணுக்குப் போகணுமா?"

இரண்டு விரலால் படத்தை விரித்தேன்.
யானைகளுக்குப் பின்னால்
கத்தரித்துவிட்டாற்போல் பச்சைப் புதர், சரிவெல்லாம்.
"இது தேயிலை. நம்ம பக்கம் ஏது தேயிலை?"
ஓரத்தில் பாதி பஸ்.
அதன் நெற்றியை அவரே படிக்கப் பார்த்தார்.
"கன்னடமும் இல்ல, தெலுங்கும் இல்ல."
அவருக்கு இரண்டும் வரும்.

பேப்பர் பார்க்க வந்தவர்கள் சிரித்தார்கள்.
பொய் என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.
அவர் வீட்டில் தூங்கினார்.

நாற்பது வரவில்லை.
ஒன்று வந்தது, கொம்பில்லாதது.
அரை ஏக்கர் ராகி,
சொட்டுநீர்க் குழாய்,
பரணின் ஒரு கால்.

பொய்யானது படம்.
அதோடு நிறுத்தியிருக்கலாம்.
யானையே இல்லை என்று நான் சொல்லவில்லைதான்;
சொல்லாததை அவர் எடுத்துக்கொண்டு போனபோது
பதிவேட்டில் குறிக்காமல் விட்டேன்.

'அமைதி காக்கவும்' பலகையைத்
திருப்பி மாட்டியிருக்கிறேன்.
பின்பக்கம் சுண்ணாம்புக்கட்டியால் கட்டம்:
யார் பார்த்தது, எந்த இடம், எத்தனை மணி.
அடியில் ரேஞ்சர் ஆபீஸ் எண்.
நானே போன் போட்டுக் கேட்டுத்தான் எழுதுகிறேன்;
தெரியாவிட்டால் 'தெரியவில்லை'.
அந்த ஒரு சொல்லை எழுதப் பழகத்தான்
எனக்குப் பதினாறு வருஷம்.

சென்னீரப்பா வந்தார்.
மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.
"விடுங்க மேடம், பரண் மேல இருந்திருந்தா
நானும் இல்ல விழுந்திருப்பேன்."
அது ஆறுதலா கணக்கா, புரியவில்லை.

பிறகு பலகையைப் பார்த்தபடி
ஏரிக்கரை, விடிகாலை நாலு என்றார்.
சுண்ணாம்புக்கட்டி விரலில் காத்திருந்தது.
"வந்துச்சாமா?"
"வந்துச்சு."