பத்து நிமிடம், பிறகு ஐந்து

முதுநகர்த் துறைமுகத்துக்குப் பின்னால்
கபூர் பாய் ஐஸ் பேக்டரியில்
நாலு திரைகள் விடிய விடிய
யாருக்கோ காட்டிக்கொண்டிருந்தன:
அமோனியா அழுத்தம். உப்புநீர் மைனஸ் எட்டு.
மைனஸ் எட்டு. மைனஸ் எட்டு.
படமில்லை, மவுஸ் இல்லை,
கறுப்பில் வெள்ளை எழுத்து மட்டும் ஓடும்
லினக்ஸ் கன்சோல்.
மூன்றாம் திரைக்கு ஒரு பல்லி
வேட்டைக்கு வரும்.

கரன்ட் போன ஒரு ராத்திரி
பேட்டரியைக் குடித்துத் தீர்த்தவை
அந்தத் திரைகள்தான்.
"பாக்க ஆளில்லாத வெளிச்சத்துக்கு
நான் ஏம்மா காசு கட்டணும்?"
பாய் கேட்டதில் தப்பில்லை.

முத்தியால்பேட்டை மாடியில் உட்கார்ந்தபடி
சுண்ணாம்பாறு, பெண்ணை, கெடிலம் தாண்டி
உள்ளே நுழைந்து ஆணையிட்டேன்:
பத்து நிமிடத்தில் கறு.
இன்னும் ஐந்தில் அணை.
(கறுப்பது வேறு. கறுத்த கண்ணாடிக்குப் பின்னால்
விளக்கு எரிந்துகொண்டே இருக்கலாம்,
போர்வைக்குள் விழித்திருக்கும் பிள்ளை மாதிரி.)

காத்திருந்தேன். ஒன்றுகூடத் தூங்கவில்லை.

அப்புறம்தான் பிடிபட்டது.
தூங்கு என்பதும் ஓர் எழுத்துதான்,
அச்சாகாத எழுத்து.
எது தூங்கணுமோ அதன் நெற்றியில் எழுதணும்.
நான் இத்தனை நேரமும்
என் திரையின் நெற்றியில் எழுதிக்கொண்டிருந்தேன்.
முகவரியை மாற்றினேன்.
நாலும் ஒவ்வொன்றாய்ப் படித்து, பதினைந்தாம் நிமிடம்
பச்சைப் பொட்டு மஞ்சளாகி, போயின.

ஆனால் பெட்டியை அணைத்துப் போட்டால் மறந்துவிடும்.
பூட் ஆகும்போதே சொல்லிவிடலாமென்று
துவக்க வரியில் பத்து என்று எழுதினேன்.
அங்கே நிமிடம். இங்கே நொடி.
யார் எனக்குச் சொன்னார்கள்?

இரவு ஒன்றேகாலுக்கு வாட்ச்மேன் அஞ்சாப்புலி:
"மேடம், நாலும் கண்ணு சிமிட்டுது.
தொட்டா முழிக்குது,
பிளாஸ்க்கு மூடியத் தொறக்கறதுக்குள்ள
திரும்பவும் மூடிக்குது.
நான் வெளியத்தான் நிக்கறேன்."

பத்தை அறுநூறாக்கினேன்.
எழுப்ப ஷிஃப்ட்டைத் தொடுங்கள் என்றேன்,
அது தனியாக எதையும் எழுதாது, எதையும் கெடுக்காது.
உள்ளே எழுத்து எவ்வளவு ஓடினாலும் விழிக்காது,
விரல் பட்டால்தான் விழிக்கும்.
அழுத்தம் ஏறினால் சைரன் ஊதும், பயப்படாதீங்க.
"ஊதும்" என்றார். நம்பின குரல் இல்லை.

பல்லி டியூப்லைட்டுக்கு மாறிவிட்டதாம்.
பில் குறைந்ததில் பாய்க்கு மகிழ்ச்சி,
ஐந்நூறு ரூபாய் அளவுக்கு.

ஷிஃப்ட் எந்தப் பதிவேட்டிலும் விழாது.
ஆனால் யுபிஎஸ்ஸின் சுமைக்கோடு
இங்கே என் மாடிவரை வருகிறது.
தினமும் மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்பின்னாய்
அதில் சின்னதாய் ஒரு மேடு.
நாலு திரை உயரம்,
பதினைந்து நிமிட அகலம்.

மைனஸ் எட்டுதானா என்று
பார்த்துவிட்டு வருகிறார் மனிதர்.

நேற்று மூன்றரை ஆகியும் மேடு வரவில்லை.
நான் போனைக் கையில் எடுத்தேன்.
மூன்று நாற்பதுக்கு வந்தது.