பிந்தியவை

மின்சாரம் போய் வந்த இரவு.
உட்துறைமுக வீதியில் ஒரு மாடி அறை.
கீழே மான்கள்
யாரோ எறிந்த பழத்தோலை மென்றுகொண்டு நிற்கின்றன.
மேலே நான்
நாற்பத்தொரு படகுகளை மென்றுகொண்டிருக்கிறேன்.

படகுக்கொன்றாய், சவர்க்காரக் கட்டியளவு ஒரு கருவி.
முப்பது நொடிக்கொருமுறை
இங்கே இருக்கிறேன், இங்கே இருக்கிறேன் என்கிறது.
கடலிலிருந்து வருவது அவ்வளவுதான்:
ஒரு இலக்கம், ஒரு நேரம், இரண்டு பாகை.

பைதானில் எழுதாதே என்றான் கொழும்பில் ஒருவன்,
பாம்பு ஊரும், ஓடாது.
ஊரட்டும்.
மூன்று பாம்புகளை விட்டிருக்கிறேன்:
ஒன்று இந்த மேசைக்குக் கீழே,
ஒன்று கிண்ணியாவில், பர்ஸானின் கடைக்கு மேல்,
ஒன்று சீனக்குடாவில், குளிரூட்டி பழுதான அறையில்.
கொட்டியாரக் குடாவில் மகாவலி
கிளைகிளையாய்ப் பிரிந்து விழுகிறதே, அப்படித்தான்
இலக்கம் பார்த்துப் பிரித்துவிடுகிறேன்.
ஒரு படகின் பேச்சு எப்போதும் ஒரே வாய்க்காலில்.
ஒரு இயந்திரம் விழுந்தால்
மற்ற இரண்டும் அதன் சுமையைத் தோளில் ஏற்றும்.
மூன்றாம் முறை விழுத்திப் பார்த்தபோதுதான் ஏற்றின.

சிக்கல் அதில் இல்லை.
சிக்கல் ஒரு எண்.

புறாத்தீவுக்கு அப்பால் கோபுரம் எட்டாது.
கருவி தனக்குள்ளே சேர்த்துவைத்து
சமிக்ஞை கிடைத்ததும் ஒரே மூச்சில் கொட்டும்.
ஆகவே நிரல் கேட்கிறது:
எவ்வளவு நேரம் காத்திருக்க?
அதற்குப் பிறகு வருவதை என்ன செய்ய?

இந்த ஊரில் யாரிடமும்
அந்தக் கேள்வியைக் கேட்கமாட்டேன்.
எதிர்வீட்டு லூர்தம்மா இன்னும்
வாசல் விளக்கை அணைப்பதில்லை.
மின்கட்டணத்தைக் காட்டி
ஒருவரும் அவவிடம் பேசியதில்லை.

நிரலுக்கு ஒரு எண் வேண்டும்.
முந்நூறு என்று போட்டேன். நொடிகள்.

இரண்டு பத்துக்குப் பதினேழாம் இலக்கம் நின்றது.
நிலாவெளிக்கு நேர் கிழக்கே
ஒரு சிவப்புப் புள்ளி, அசையாமல்.
வாடை தொடங்கியிருந்தது. கண்ணாடி அதிர்ந்தது.
மூன்றரைக்கு செபமலர் அழைத்தா.
"தங்கச்சி, இவர் எங்க நிக்கிறார்?"
"பாக்கிறன் அக்கா."
திரையில் இருந்ததைச் சொல்ல வாய் வரவில்லை.

வாய்க்கால் மூன்றையும் கிளறினேன். இல்லை.
கடைசியில், நானே எழுதி மறந்த ஒரு மூலை:
பிந்தியவை என்று பெயரிட்ட கோப்பு,
வாசிக்க ஆளில்லாத தபால்பெட்டி.
உள்ளே தொண்ணூற்றாறு வரிகள்
இங்கே இருக்கிறேன், இங்கே இருக்கிறேன் என்று
ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு.

நேரப்படி அடுக்கினேன்.
அலைக்கு விலகி, திரும்பி, மறுபடி விலகி
ஒரு கோணல் கோடு
சாம்பல்தீவுக் கரையில் முடிந்தது. இரண்டு ஐம்பத்தெட்டு.
எஞ்சின் நின்றதும் கருவி புதிதாய் ஒன்றும் சொல்லாது.
சொல்லவேண்டியதை வைத்துக்கொண்டு காத்திருக்கும்.
அந்தப் பக்கத்துக் கோபுரத்துக்கு
மூன்றேகாலுக்குத்தான் மின்சாரம் வந்திருக்கிறது.
வந்து சேர்ந்தவனை
வாசலில் வைத்துக் கதவை அடைத்தது என் முந்நூறு.

"கரையில நிக்கிறார் அக்கா. அரை மணித்தியாலமாய்."
"அப்ப உன்ர பெட்டி ஏன் சொல்லேல்ல?"

முந்நூறை அழித்தேன்.
அந்த இடம் மினுங்கிக்கொண்டிருக்கிறது.
கிண்ணியாவில் பர்ஸானும் உறங்கவில்லை போல,
ஒரு குறுஞ்செய்தி:
காத்திருக்கக் காத்திருக்க நினைவகம் நிறையும்.
எவ்வளவு கூடுதலாய் வேண்டும் என்று சொல்,
காலையில் விலை கேட்கிறேன்.