முதற்பெயர், குடும்பப்பெயர்

சிக்னல் கட்டுக்கு மேலேதான் நிற்கும்.
ஆகவே துரொண்ட்ஹைமில் பிற்பகல் இரண்டு மணிக்கு
கருங்காலிமுறிப்புக் குளக்கட்டில் நான் நின்றேன்,
மாலை ஆறரை,
மடிக்கணினி லாண்ட்மாஸ்டர் பெட்டியின் விளிம்பில்.
பக்கத்தில் அப்பா
பவர்பாங்கைப் பிடித்துக்கொண்டிருந்தார்,
சேலைன் போத்தல் பிடிப்பதுபோல, உயர்த்தி.

வாரங்கலில் நாலு வருசம் படித்த சிவில்
பிளாஸ்டிக் உறைக்குள் கிடந்தது.
மல்லாவியில் பிரதி எடுத்துத் தந்த யசோதினி கேட்டாள்,
"அக்கா, படிச்சு முடிச்சதெண்டுதானே போட்டிருக்கு,
பிறகென்னத்துக்கு?"
பக்கத்துக்குப் பத்து ரூபா கொடுத்தேன்.
பதில் கொடுக்கவில்லை.

நவரத்தினத்தாருக்குச் சந்தேகமே இல்லை.
"இறங்கின உடன கேஸ் எழுதிப் போடு,
தொண்ணூற்றாறில என்ர மச்சானும் அப்பிடித்தான்."
இல்லை, அது வேலை, சம்பளம் தருவார்கள் என்றேன்.
"களியைப் படிக்கிறதுக்கோ? வயலுக்குள்ள இறங்கு பிள்ளை,
சும்மாவே படிக்கலாம்."
அது பொய்யுமில்லை.

திரையில் மூன்று பேர். நடுவிலிருந்தவருக்கு
வெள்ளைத் தாடி, அவசரமில்லாத ஆங்கிலம்.
"ஹலோ, குலசிங்கம்."
"ஓம்" என்றார் அப்பா.

கடவுச்சீட்டில் அப்பா முன்னால், நான் பின்னால்.
திருத்த வாயெடுத்தேன்; சிக்னல் ஒரு கோடாய்க் குறைந்தது.
அப்படியே விட்டுவிட்டேன்.
அதன்பின் கேள்வியெல்லாம் அப்பாவிடமே வந்தது.
குலசிங்கம், துளைநீர் அமுக்கத்தை எப்படி அளந்தீர்?
குலசிங்கம், உமது மாதிரியில் எல்லை நிபந்தனை எது?
எட்டாம் வகுப்போடு நின்ற அப்பா
ஒவ்வொரு தடவையும் நிமிர்ந்தார்.
நுளம்பு கடித்தும் கையை இறக்கவில்லை.

கடைசிக் கேள்வி தாடிக்காரருடையது:
பாலம் இருக்கிறது, வீதி இருக்கிறது, ஏன் கசிவு?

பாடமாக்கிய பத்தி ஒன்று வைத்திருந்தேன்,
காலநிலை, உணவுப் பாதுகாப்பு என்று.
அது வாயில் வரவில்லை.
நான் நின்ற இடத்துக்கு நேர் கீழே, கட்டின் அடியில்,
ஒரு பச்சைத் திட்டு. ஆடிக் கோடைக்கும் காயாது.
மீளக் குடியேறிய வருசம் எங்களிடமிருந்த ஒரே மாட்டை
அதில்தான் கட்டினோம்.
அந்தப் புல்தான் பால், அந்தப் பால்தான் என் கொப்பிகள்.
வாரங்கலில் மூன்றாம் ஆண்டு, ஒரு செவ்வாய்க்கிழமை,
பேராசிரியை கட்டின் குறுக்குவெட்டைக் கீறி
அடிவாரத்தில் ஒரு புள்ளி வைத்தார்:
கோடையிலும் இங்கே புல் பச்சையா? அப்படியென்றால் ஓடுங்கள்.
வகுப்பு சிரித்தது.
நான் மாட்டை நினைத்தேன்.

இதைத்தான் சொன்னேன்,
இறந்தகாலமும் நிகழ்காலமும் கலந்துபோன ஆங்கிலத்தில்.
இன்னும் எவ்வளவு காலம் தாங்கும், தெரியாது,
நான் முடித்த படிப்பில்
அதற்குப் பிறகு பக்கமில்லை, என்றேன்.

மூவரும் ஏதோ எழுதினார்கள்.
அலைகரைப் பக்கம் மயில் அகவியது.
அதென்ன சத்தம் என்றாள் ஓரத்திலிருந்தவள்.
"பேர்ட்" என்றார் அப்பா,
எனக்கு முந்தி.

கடிதம் பங்குனியில் வந்தது. அன்புள்ள குலசிங்கம்.
தன்ர போனுக்கும் அனுப்பச் சொல்லி
அப்பா வாங்கி வைத்திருக்கிறார்.
"நாலு வருசமோ?
காலபோகம் நாலு, சிறுபோகம் நாலு,
தண்ணி நிண்டால்."
வேறொன்றும் சொல்லவில்லை.
எழும்பிப் போய் மாட்டை அவிழ்த்து
மேட்டுப் பக்கம் கட்டினார்.

இது ஆவணி. பச்சைத் திட்டில் இப்போது எதுவும் மேய்வதில்லை,
புல் முழங்காலளவு.
வெள்ளி விடிய வான் வரும், கட்டுநாயக்காவுக்கு.
பெட்டியை அரைகுறையாய் விட்டுவிட்டு
அளவுநாடாவோடு இறங்குகிறேன்.
மற்ற நுனியை அப்பா பிடிக்கிறார்.

பன்னிரண்டு அடி.
மாசியில் பத்து.