மனெ

வெலிங்டனில், ஓய்வூதியப் பிரிவில்,
பத்தொன்பது ஆண்டுகளாக நான் படிப்பது
பிறருடைய பணிப்பதிவேடு.
சேர்ந்த தேதியைவிட
விடுப்பு எடுத்த தேதி அதிகம் பேசும்.

இந்தப் பெட்டி எங்களுடையதே அல்ல.
குன்னூரில் ஒரு பழைய எஸ்டேட் பங்களாவை
விடுதியாக்கும்போது பரணிலிருந்து இறக்கியது.
மூடியில் இரட்டைத் தலைக் கழுகு.
"கண்டபேரண்டம், மைசூர்ப் படை போல" என்று
சூப்பிரண்டு கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்.
திறந்தால் ஜெர்மன்.

இன்ஸ்ப்ரூக்கில் படித்துத் திரும்பிய
ஃபாதர் இஞ்ஞாசி, மழைக்கு நனைந்த குடையோடு
சனிக்கிழமை வந்தார். வரிவரியாகச் சொன்னார்.
நான் பென்சிலால் எழுதினேன்.

யோஹான் ஷ்டெல்ஸர். பதினான்கு வயதில் படைப்பள்ளி.
நாற்பத்தெட்டில் இத்தாலி, தொடையில் காயம்.
ஐம்பத்தொன்பதில் சோல்ஃபெரினோ. தோல்வி. பதக்கம்.
அறுபத்தாறில் கோனிக்ரேட்ஸ். தோல்வி.
மேஜர் ஜெனரல்.
ஃபாதர் சிரித்துவிட்டார்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை,
இப்படி ஏறியவர்களின் நிலுவைத்தொகையை
என் கையால் கணக்குப் போட்டிருக்கிறேன்.

பிறகு ஆளுநர்.
தெற்கே, கடலைப் பார்த்த ஒரு மலை மாகாணம்.
படைக்கும் வரிக்கும் கோர்ட்டுக்கும் அவர் ஒருவரே.
நாற்பத்தோரு மைல் சாலை போட்டார்.
செம்மறிகளை எண்ண வைத்தார்.
பேரரசியின் பெயரில் ஒரு நீரூற்று.
மூன்றாம் ஆண்டு ஓர் ஆணை:
வீட்டுக்கு ஒரு மகன், படைக்கு.

ஆடுகளோடு மகன்களும் மேலே ஏறிவிட்டார்கள்.
நான்கு மாதம் பனி. பதிவேட்டில்
அந்த நான்கு மாதத்துக்கு ஒரே வரி:
"அமைதி திரும்பியது."
அடுத்த வரி: "உடல்நலம் கருதி ஓய்வு."

இந்த இரண்டு வரிகளுக்கு நடுவே
ஒரு விரல் போகாது.
ஒரு மாவட்டமே போயிருக்கிறது.

ஓய்வூதியக் கணக்கைச் சரிபார்த்தேன்.
பழக்கம்.
ஒரு காசு பிசகவில்லை.

பெட்டி ஏன் இங்கே என்பது அடியில் இருந்த
நோட்டுப்புத்தகத்தில்.
தங்கை மகன் இங்கே காப்பி போட்டு,
இலைநோயில் இழந்து, தேயிலைக்கு மாறியவன்.
அவனைப் பார்க்க ஒரு குளிர்காலம் வந்திருக்கிறார்,
மேட்டுப்பாளையத்திலிருந்து குதிரை வண்டியில்.
மூன்று மாதம். காலையில் நடை, மாலையில் படம்.

நல்ல படங்கள். கேத்தி பள்ளத்தாக்கின் மடிப்புகளை
மை கலங்காமல் வரைந்திருக்கிறார்.
ஒவ்வொரு மேட்டிலும் சின்னச் சிலுவை.
"கல்லறைகளா?" என்றேன்.
ஃபாதர் ஓரக்குறிப்பைக் கண்ணருகே கொண்டுபோனார்.
"பீரங்கி" என்றார், "வைக்கத் தோதான இடங்கள்."

அவருக்கு யாரும் கட்டளையிடவில்லை.
சண்டையும் இல்லை. அவர் ராஜ்ஜியமும் இல்லை.
மலையைப் பார்த்தால் அவருக்கு
அப்படித்தான் பார்க்க வந்தது.

பதினோராம் பக்கத்தில் எங்கள் ஊர்.
பெயர் எழுதவில்லை. ஆனால் சரிவும் ஓடையும்
எருமைத் தொழுவத்தின் வளைந்த கல்சுவரும்
மேல்தொரெஹட்டியைத் தவிர வேறில்லை.
வரிசையாக வீடுகள், கீழே கணக்கு:
"இருபத்தேழு வீடு. இரண்டு நாள்."

"இரண்டு நாள் என்றால்?"
ஃபாதர் குடையை எடுத்து நீர் உதறினார்.
பதில் தேவைப்படவில்லை.

அன்றிரவு ஊருக்குப் போய்
எங்கள் அண்ணன் ஹாலனை உட்காரவைத்து
பழைய வரிசையை எண்ணினோம், இடிந்ததையும் சேர்த்து.
மறுபடி எண்ணினோம்.
இருபத்தாறுதான்.

பிடித்துவிட்டேன் என்று இருந்தது.
நாற்பதாண்டு சர்வீஸ், ஒரு மாகாணம் ஆண்டவர்,
ஒரு வீட்டைக் கூட்டி எழுதிவிட்டார்.
கடைசியில் இருக்கும் அந்தச் சின்னக் கூரை
வீடல்ல, ஹெத்தெயம்மன் கோயில்.

திங்கட்கிழமை சிவப்பு மையைத் திறந்து
ஓரத்தில் "பிழை" என்று எழுதப் போனேன்.
அதற்குள் ஹாலன் சொன்னது நினைவுக்கு வந்தது.
அந்தக் கோயிலை எங்கள் பேச்சில்
கோயில் என்று யாரும் சொல்வதில்லை.
ஹெத்தெ மனெ.
வீடு.

பேனாவை மூடிவிட்டேன்.
கணக்கு சரி.
அருவங்காட்டுச் சங்கு ஊதியது.
பெட்டியை எந்தப் பிரிவுக்கு அனுப்புவது என்று
சூப்பிரண்டு இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.