புள்ளி வைத்த எழுத்து

தீசா ஆற்றில் பனி உடையும் மாதம்.
செகெட் நகரத்து நோயியல் கூடத்தில்
ஆறிப்போன காப்பிக்குப் பக்கத்தில்
ஒரு கண்ணாடித் தகடு.
எடெல்கா, எழுபத்தாறு, வலப்பக்கப் பெருங்குடல்:
முடியைவிட மெல்லிய சீவலாக.

முப்பத்தோராண்டு டிராமில்
டிக்கெட் பரிசோதித்தவள்.

பழுப்பு ஏற வேண்டிய இடத்தில் நீலம்.
சாயம் தப்பவில்லை.
அருகிலேயே நிணச்செல்கள் பழுப்பாக நின்று
சாட்சி சொல்கின்றன.
கட்டியின் உட்கருக்களில் மட்டும்
அந்தப் புரதம் இல்லை.
படியெடுக்கும்போது விழும் பிழைகளை
வண்டி வண்டியாக ஏறி இறங்கித்
தேடிப் பிடிக்கிற வேலை அதற்கு.

யோலான் எழுதுகிறாள்: இழப்பு.
எழுதியும் பேனாவை மூடவில்லை.
எப்படி இழந்தது என்பதில்
இன்னொருத்தியின் தூக்கம் இருக்கிறது.

மகள் போர்பாலா மூன்று வாரமாகக்
குடும்பத்தின் சாவுகளை எண்ணுகிறாள்.
"வயிறு" என்று மட்டும் சொல்லிப் புதைத்த அத்தை.
போரில் செத்ததாகச் சொல்லப்பட்ட,
ஆனால் போர் முடிந்து செத்த ஒரு மாமா.
பத்தொன்பது வயது வின்ட்சே
சூப்பில் ரொட்டியைத் தோய்க்கும்போது
அவன் முகத்தைப் பார்க்காமல்
வயிற்றைப் பார்க்கிறாள்.

மரபணுவை வாசித்த இயந்திரம்
குறை ஒன்றும் சொல்லவில்லை.
எழுத்துகள் முழுசாக இருக்கின்றன.
பிறகு ஏன் பேசவில்லை?

தமிழில் வாசிப்பவரிடம் இதைச் சொல்வது எளிது.
க என்று எழுதித்
தலையில் ஒரு புள்ளி வைத்துப் பாருங்கள்.
அதே வளைவு, அதே கோடு.
உயிர் போய்விட்டது,
மெய் மட்டும் கிடக்கிறது.
ஓலையில் எழுதியவர்கள் புள்ளி வைக்கமாட்டார்கள்,
ஓலை கிழியும் என்று.
இயந்திரம் வாசித்தது ஓலையை.

அதனால் யோலான்
பைசல்ஃபைட்டில் ஊறவைத்தாள், இரவு முழுக்க.
வெறுந்தலையோடு நிற்கும் சைட்டோசின்கள்
அந்த மழையில் வேறெழுத்தாகிவிடும்.
மெத்தில் தொப்பி போட்டவை நனையாது.
விடிந்ததும்
யார் யார் அப்படியே நிற்கிறார்கள் என்று
எண்ணினால் போதும்.

எண்ணினாள்.
மரபணுவின் வாசலில்
ஒன்றுவிடாமல் புள்ளி.
ரத்தத்தை எடுத்துப் பார்த்தாள். அங்கே இல்லை.
இரண்டு முறை பார்த்தாள்.
பிறகுதான் பேனாவை மூடினாள்.

யார் வைத்தது?
வயது, என்பார்கள்.
கடைசி டிராமின் பின்படியில்
எடெல்கா இழுத்த சிகரெட்டுகளாகவும் இருக்கலாம்.
கையெழுத்துப் போடாமல் போயிருக்கிறார்கள்.

"இது வழிவழியாக வருவதில்லை,"
என்றார் மருத்துவர் ஷோம்போர்.
"இவரிடம்தான் தொடங்கியிருக்கிறது, எனவே..."
"என்னோடு முடியும்" என்றாள் எடெல்கா,
அவருக்கு உதவியாக.

போர்பாலா அழுதாள்.
அது நிம்மதி என்று தெரிந்ததும்
அம்மாவுக்கு எதிரே அழ முடியாமல்
ஜன்னலுக்குப் போய் அழுதாள்.
திரும்பி வந்து கேட்டாள்:
"அந்தப் புள்ளிகளை அழிக்க முடியாதா?"

அழிக்கிற மருந்துகள் உண்டு.
எந்தப் புள்ளி வேண்டும், எது வேண்டாம் என்று
அவற்றுக்குத் தெரியாது.
புள்ளியே இல்லாத பக்கத்தில்
ஊமையாக இருக்க வேண்டிய எழுத்துகளும்
வாய் திறந்துவிடும்.
இவருக்கு இப்போது அது இல்லை,
வேறு மருந்து பார்க்கலாம் என்றார்.
பிழைகள் குவிந்த செல்லை
உடம்பின் காவல் சீக்கிரம் அடையாளம் காணுமாம்.
எவ்வளவு சீக்கிரம் என்று
யாரும் கேட்கவில்லை.

கோட்டை மாட்டிக்கொண்டே எடெல்கா சொன்னாள்:
"குளியலறைக் குழாய் ஒழுகுகிறது.
அது உனக்குத்தான் வரும்."

திரும்பும் டிராமில்
ஒரு சின்னப் பையன் பரிசோதிக்க ஏறினான்.
போர்பாலாவிடம் கேட்டான்,
மாணவர்களிடம் கேட்டான்,
நரைத்த தலையைக் கண்டு தாண்டிப் போனான்.
எடெல்கா கைப்பிடியைப் பிடித்து எழுந்து
அவன் சட்டையை இழுத்தாள்.
அட்டையை நீட்டினாள்.
"பார்த்துவிட்டுப் போ."