ஒன்றேகால் அங்குலம்

ஹாவர் ஊர்ச் சந்தைத் திடலில் ஏலம்.
பதினேழாம் எண் மேசைக்கு வந்ததும்
கைகளெல்லாம் சட்டைப்பைக்குள் போய்விட்டன.

வின்செஸ்டர், தொண்ணூற்றிரண்டாம் மாடல்.
எண்கோணக் குழல், புகையிலை நிறத்துக்குப் பழுத்த இரும்பு,
நெம்பு இன்னும் தளரவில்லை.
எல்லாம் சரி.
பின்கட்டையை மட்டும் யாரோ
ஒன்றேகால் அங்குலம் அறுத்திருக்கிறார்கள்.

"கொலை" என்றார் மெர்ல் கெனெல்,
வெள்ளைக் கையுறையைக் கழற்றியபடி.
அவர் வீட்டு இரும்பறையில் நாற்பத்தொன்று நிற்கின்றன.
ஒன்றுகூட
அவரிடம் வந்தபிறகு இருமியதில்லை.

நான் கை தூக்கினேன்.
எண்ணூற்றைம்பது டாலர்.
ஈ ஓட்டினேனா, கேட்டேனா என்று
ஏலக்காரர் இரண்டு முறை பார்த்துக்கொண்டார்.

டாக்னி ருஸ்டாட், பள்ளிப் பேருந்து ஓட்டுபவள்,
முதுகுக்கு இரண்டு தலையணை,
உயரம் நான்கடி பதினோரு அங்குலம்.
எந்தத் துப்பாக்கியும் எனக்கு இரவல் சட்டைதான்.
தோளுக்கு வந்தால் கைக்கு எட்டாது,
கைக்கு எட்டினால் கண்ணுக்கு வராது.
இதைத் தூக்கினேன்.
கன்னம் தானாகப் போய்
தன் இடத்தில் உட்கார்ந்தது.

இரவு, சமையலறை மேசையில்
அடித்தகட்டின் இரண்டு திருகுகளைக் கழற்றினேன்.
உள்ளே கடிதம் இருக்கும், தங்கக்காசு இருக்கும் என்பார்கள்.
எலி கடித்த சணல் இருந்தது.
பிறகு, ரம்பம் போன வழி.

இடமிருந்து பாதிவரை நேராக வந்து
நின்றிருக்கிறது.
அப்புறம் வலப்பக்கத்திலிருந்து வேறொரு கை,
அல்லது அதே கை வேறொரு நாளில்.
இரண்டு வெட்டும் சந்திக்கவே இல்லை.
நடுவில் நகக்கண் உயரத்துக்கு ஒரு படி.
அதைச் சமன்செய்ய
சேணத்தோல் துண்டு ஒன்றை மடித்து வைத்திருக்கிறார்கள்.

அந்தப் படியில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன்.
இருட்டிவிட்டதா?
மாடு ஈன்றதா?
வளர்கிற உடம்பு, பொறு என்று
யாராவது வாசலில் வந்து நின்றார்களா?
அறுத்த பிறகு
வளர்ந்தும் தொலைத்தார்களா?

ஞாயிற்றுக்கிழமை மில்க் ஆற்றங்கரை.
பெயரில்தான் பால். ஓடுவது களிமண் கரைசல்.
மெர்ல் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்.
வடக்கே நூறு கஜத்தில் பழைய கலப்பைத் தட்டைத் தொங்கவிட்டேன்.
ஈயம் நான் வார்த்தது, கரிமருந்து நான் அளந்தது.
பக்கவாட்டுக் கதவில் ஒவ்வொரு தோட்டாவும்
கட்டைவிரலில் கொஞ்சம் தோல் கேட்டது.

நெம்பைத் தள்ளி இழுத்தேன்.
சுட்டேன்.

கரிமருந்தில் பட்டதா என்று பார்க்க முடியாது.
முகத்துக்கு முன்னால் வெள்ளைச் சுவர் எழும்பி நிற்கும்.
கேட்கத்தான் வேண்டும்.
எதுவும் கேட்கவில்லை.
புகை கலைய, தட்டுக்கு இடப்பக்கம் மண் பறிந்திருந்தது.
இரண்டாவதும் இடம். மூன்றாவதும்
அதே குழியில்.

"பின்குறியை இடப்பக்கம் தட்டி வைத்திருக்கிறான் முட்டாள்,
பழைய உளித்தடம் பார்" என்று
மெர்ல் பையிலிருந்து பித்தளைச் சுத்தியை எடுத்தார்.
கட்டையை அறுத்தவனுக்கு இதுவும் செய்யத் தெரியும் என்றார்.

பத்து மணிக்குக் காற்று எழுந்தது.
எங்கள் ஊரில் காற்றில்லாத காலை
வருடத்துக்கு நான்கோ ஐந்தோ.
மேற்கிலிருந்து, எப்போதும் போல,
தொப்பியைப் பிடிக்கச் சொல்லிக்கொண்டு.
சுத்தியைத் தள்ளிவிட்டுச் சுட்டேன்.
புகை வலப்பக்கம் சாய்ந்து ஓடியது.
ஓடிய இடத்திலிருந்து
ணங்.

மெர்ல் ஒன்றும் பேசவில்லை.
சுத்தியைப் பையில் போட்டார், மறுபடி எடுத்தார், போட்டார்.
குள்ளமான யாரோ, வடக்கே பார்த்த ஏதோ ஒரு கதவு,
நிற்காத ஒரு காற்று.
அவ்வளவுதான் தெரியும்.
அதற்குமேல் சொன்னால் நான் புளுகுகிறேன்.

"ஒன்று சுடட்டுமா?"

ஆறடி இரண்டங்குல ஆள்
முழங்கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடங்கிச் சுட்டார்.
உதைத்ததில் தன் கட்டைவிரலாலேயே
தன் மூக்கில் குத்திக்கொண்டார்.
ரத்தமும் கரியுமாக, பல் தெரிய,
"பட்டதா? பட்டதா?" என்றார்.
படவில்லை.

வீடு திரும்பும் வழியெல்லாம்
மூக்கில் பஞ்சோடு விலை கேட்டுக்கொண்டே வந்தார்.
ஆயிரத்து இருநூறு. ஆயிரத்து ஐந்நூறு.
கரிமருந்தின் உப்பு ஓரிரவு தங்கினால்
குழலைத் தின்றுவிடும்.
அழுகிய முட்டை நாற்றத்தோடு
நான் வெந்நீர் போடப் போனேன்.