ஒன்பதாவது வெள்ளம்

காளவாசல் சிக்னலுக்குத் தெற்கே
மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கிய கடை.
ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம்.
படிவம் நிரப்ப எண்பது ரூபாய்,
கட்டுரையும் நானே எழுதினால் முந்நூறு.

மேலாண்மைக் கல்லூரிகள் எல்லாம்
சொல்லிவைத்தாற்போல் ஒன்றையே கேட்கும்:
நீங்கள் தலைமை தாங்கிய ஒரு தருணம்,
ஐந்நூறு சொற்களுக்கு மிகாமல்.

சிமெண்ட் ஏஜென்சிக்காரர் மகன் தலையைச் சொறிவான்.
விளக்குத்தூண் ஜவுளிக்கடை மெஹருன் நகம் கடிப்பாள்.
மூன்று வருஷம் பேங்க் பரீட்சை எழுதி அலுத்த நாகேந்திரன்
"அப்படி ஒண்ணும் நடக்கலையேக்கா" என்பான்.

நடக்காவிட்டால் என்ன,
வைகையில் ஆகாயத்தாமரைக்கே தண்ணீர் பற்றாத வருஷத்தில்
ஆளுக்கொரு வெள்ளம் கொடுத்தேன்.
அவனுக்கு ஆரப்பாளையம் கரை, இவளுக்குச் செல்லூர்.
எந்த வெள்ளமானாலும் நாற்பது பேர் பிழைத்தார்கள்.
ஒருத்தரையும் சாகவிட்டதில்லை நான்.

ஒருநாள் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
எனக்கும் ஒரு படிவம் திறந்தேன்.
பெயர்: பேச்சியம்மாள், சு.
பணி அனுபவம்: ஆறு வருஷம், நான்கு மாதம்.
தலைமை தாங்கிய தருணம்:

போன மே மாதம், கடைசித் தேதி, கரண்ட் போய்விட்டது.
வாசலில் பத்தொன்பது பிள்ளைகள்.
மூன்று கடை தள்ளி மாவுமில் ஜெனரேட்டரிலிருந்து
வயர் இழுத்து
நள்ளிரவுக்கு நாலு நிமிஷம் இருக்க
அத்தனை பேரையும் கரையேற்றினேன்.

அது ஞாபகத்துக்கே வரவில்லை.
விரல்கள் தாமாக வெள்ளத்தைத் தட்டிவிட்டன.

நாகமலை அடிவாரத்தில் கல்லூரி.
தோள் தொங்கும் இரவல் கோட்டு.
எதிரே மூன்று பேர்.
நடுவிலிருந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.
"இந்த வாரத்தில் இது ஒன்பதாவது வெள்ளம்."

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.
"ஒன்பதும் நான் எழுதியதுதான், மேடம்."

யாரும் சிரிக்கவில்லை.
ஓரத்து மனிதர் பேனா மூடியைத் திறந்தார்.
ஒன்றுக்கு எவ்வளவு?
முந்நூறு, சார்.
கடைக்கு எவ்வளவு போகும்?
இருநூறு.
விலை யார் வைத்தது?
நான்.
ஐந்நூறு வைத்திருக்கலாமே?
வைத்திருந்தால் நாகேந்திரன் வந்திருக்க மாட்டான்.

பேனா எதையோ எழுதியது. எனக்குத் தலைகீழாகத் தெரிந்தது.

பதினேழு நாள் கழித்துக் கடிதம்.
கல்விக்கடனுக்கு வங்கி கேட்ட முப்பத்தொரு பக்கங்களை
என் கடையிலேயே நகலெடுத்தேன்,
கல்லாவில் காசு போட்டுவிட்டு.

இங்கே விடியுமுன் மயில்கள் கதறுகின்றன.
இரவெல்லாம் ஸ்லைடு செய்தவர்கள்
தலையணைக்கடியில் காதைப் புதைக்கிறார்கள்.
மெஸ்ஸில் உப்புமா தினங்களில் மட்டும்
எல்லாருக்கும் உடம்பு சரியில்லை.
கழுத்தில் அடையாள அட்டை; அதில் நான்
என்னைவிடக் கொஞ்சம் வெளுப்பு.

நேற்றைய வகுப்பில் மெஹருன் எழுந்தாள்.
என் வெள்ளத்தைச் சொன்னாள்.
நாற்பது பேர் வரைக்கும் என் வரிகள்,
அதன்பிறகு நான் எழுதாத ஓர் ஆட்டுக்குட்டி வந்தது.
அங்கே அவள் குரல் உடைந்தது.
கைதட்டலுக்கு நடுவே என்னைப் பார்த்து
சட்டென்று உட்கார்ந்துவிட்டாள்.

ராத்திரி அறைக் கதவைத் தட்டினாள்.
"ஆடு மட்டும் நிஜம்க்கா.
எட்டு வயசுல, கிருதுமால் சாக்கடையில.
வீட்டுல அடிச்சாங்க, பாவாடை நாறுதுன்னு."

அவளிடம் மாவுமில் வயரைப் பற்றிச் சொன்னேன்.
"இதை ஏன் எழுதலை?"
தெரியவில்லை என்றேன்.

நாளைக் காலை எட்டரைக்கு என் முறை.
ஸ்லைடு ஒன்றும் போடவில்லை.
நாலு நிமிஷம் கொடுப்பார்களாம்.
போதும்.